ஓபோவில் எஃப் வாசிக்க மூன்று வழி: கூடுதல் கீகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவியின் விரலமைப்பு அட்டைகளில் எஃப் சுரத்துக்கு எதிரே பெரும்பாலும் மூன்று படங்கள் இருக்கும். ஃபோர்க் எஃப் (நடுவிரலைத் தூக்கி வாசிக்கும் எஃப்) படத்தில் ஓர் அட்டை ஈ-ஃபிளாட் கீயையும் சேர்த்து அழுத்தச் சொல்லும். இன்னோர் அட்டை அந்தக் கீயைத் தொடாதே என்னும். இரண்டு அட்டையும் சரிதான். முதலாவது எஃப் ரெசொனன்ஸ் கீ (ஃபோர்க் எஃபுக்குத் தானாகத் திறக்கும் சிறு துளையின் மூடி) இல்லாத ஓபோவுக்கு எழுதியது, அடுத்தது அது உள்ள ஓபோவுக்கு எழுதியது. கையில் இருக்கும் கருவியில் எந்தத் துளை எந்தக் கீயோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் அட்டையை நம்பினால், நல்ல ஓபோவும் சுருதி சேராத ஓபோ மாதிரிதான் ஒலிக்கும்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு ஓபோக்கள். ஒன்று மாணவர் தரத்தது: செமி-ஆட்டோமேட்டிக் ஆக்டேவ் (மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் கீகள்), இடது எஃப் (இடது சுண்டுவிரலுக்கான எஃப் லீவர்) இல்லை, எஃப் ரெசொனன்ஸ் இல்லை. மற்றது முழு கன்சர்வேட்டுவார் அமைப்பு: இடது எஃப், எஃப் ரெசொனன்ஸ், கீழ் பி-ஃபிளாட் ரெசொனன்ஸ், மூன்றாம் ஆக்டேவ் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் ஒரே குறை: கீழ் ஸ்தாயி தடுமாறுகிறது. காரணம் மட்டும் ஒன்றல்ல.

குறிப்பு முறையை முதலில் சொல்லிவிடலாம். இட1, இட2, இட3, இட4 என்பவை இடக்கையின் ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்கள். வல1 முதல் வல4 வரை வலக்கைக்கு. இட123 என்றால் மூன்று விரலும் மூடியிருக்கின்றன. அடிப்படை இவ்வளவுதான்: பி = இட1. ஏ = இட12. ஜி = இட123. எஃப்-ஷார்ப் = இட123, வல1. ஈ = இட123, வல12. டி = இட123, வல123. கீழ் சி = டியோடு வல4-இல் சி கீ.

பிரெஞ்சு ஓபோவின் இன்றைய வடிவம் 1906-இல் பாரிஸ் கன்சர்வேட்டுவார் ஆசிரியர் ஜார்ஜ் ஜில்லேயும் லோரே பட்டறையும் சேர்ந்து நிலைப்படுத்திய தட்டு மாடலிலிருந்து வருகிறது. வளையத்துக்குப் பதிலாக விரல்படும் இடங்களில் பேட் (துளையை மூடும் மெத்தை) வைத்த தட்டு. தட்டு வந்ததால்தான் ஒரு விரலைக் கொண்டு நாலு இடத்தை மூடவும் திறக்கவும் முடிந்தது. தலைவலியும் அங்கிருந்துதான் ஆரம்பம்: ஒவ்வோர் இணைப்பும் ஒரு ஸ்க்ரூ, ஒவ்வொரு ஸ்க்ரூவும் காற்றுக் கசிவுக்கு ஒரு வாய்ப்பு.

வேண்டிய சாமான்கள்

சிகரெட் தாள், 3 மி.மீ. அகலத்தில் கீற்றாக வெட்டியது. 1.5 மி.மீ., 2 மி.மீ. முனையுள்ள இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள். முனை ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுக்க நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை நசுங்கும். ஸ்பிரிங் கொக்கி. 0.5 மி.மீ., 1 மி.மீ. கார்க் தகடு, கான்டாக்ட் சிமெண்ட். ஜாயிண்டின் (ஓபோவின் மேல், கீழ்த் துண்டுகள்) அடிவாயை அடைக்க ஒரு கார்க் அடைப்பான். மெல்லிய பென்சில். மிருதுவான மரக்குச்சி ஒன்று. ஐஸ்கிரீம் குச்சி போதும், கீழே இதற்கு நிறைய வேலை இருக்கிறது. ஸ்க்ரூ தானாகச் சுழன்றால் பிடித்துவைக்க நகப்பூச்சு ஒரு துளி. வலுவான லாக்டைட் வகை கூடாது, அடுத்த முறை ஸ்க்ரூவே வராது.

எந்த ஸ்க்ரூவையும் தொடுமுன் அதன் பள்ளம் நிற்கும் திசையைத் தாளில் கோடாக வரைந்துகொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. ஓபோ ஸ்க்ரூக்களில் எட்டில் ஒன்று என்பது பெரிய மாற்றம்.

முதலில் பேட், பிறகுதான் ஸ்க்ரூ

பேட்டே சரியாக உட்காராதபோது ஸ்க்ரூவைத் திருப்புவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. கசியும் பேட்டை இன்னொரு கீயால் அழுத்தி மூடப் பார்த்தால், அந்த இன்னொரு கீயும் கசியத் தொடங்கும்.

மேல் ஜாயிண்டைத் தனியாக எடுத்து, அடிவாயை அடைத்து, இட123 மூடி, ரீட் (ஊதும் நாணல் நாக்கு) செருகும் வாயில் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய பிடி சில விநாடி அப்படியே நிற்க வேண்டும். நாக்கை எடுத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால் நல்லது. புஸ்ஸென்று இறங்கினால் ஆக்டேவ் வென்ட்கள் (சிறு திறப்புத் துளைகள்), டிரில் (இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) கீ பேட்கள், ஜி-ஷார்ப் பேட் என்று ஒவ்வொன்றாக மரக்குச்சியால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தியதும் பிடி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கீழ் ஜாயிண்டுக்கும் இதேதான்: வல123, சி, பி கீகளை மூடி, அடியை அடைத்து உறிஞ்சுவது.

பிறகு தாள் கீற்று. பேட்டின் அடியில் முனையை மட்டும் செருகி, கீயை மிக லேசாக மூடி, கீற்றை இழுக்க வேண்டும். பேட்டின் முன், பின், இடம், வலம் என்று நாலு இடத்திலும் ஒரே இழுவை இருக்க வேண்டும். அழுத்தி மூடிவிட்டுச் சோதித்தால் எல்லாப் பேட்டும் நன்றாகத்தான் தெரியும். வாசிக்கும்போது எந்த விரலும் அப்படி அழுத்துவதில்லை.

முழு அமைப்பு ஓபோவில் பேட்கள் சுத்தம். மாணவர் ஓபோவில் மேல் டிரில் கீயின் கார்க் பேட் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அதை மாற்றியதில் பாதிக் குறை போயிற்று.

மூன்று எஃப்

சாதாரண எஃப்: இட123, வல12, அதோடு வல3 பக்கத்திலிருக்கும் எஃப் கீயைத் தொட வேண்டும். ஒலி சுத்தம், சுருதி சரி. ஆனால் வல3 எஃப் கீக்குப் போய்விட்டதால், அடுத்த சுரம் டி என்றால் அந்த விரல் எஃப் கீயிலிருந்து டி தட்டுக்குச் சறுக்க வேண்டும். சறுக்கும் இடைவெளியில் ஈ எட்டிப் பார்க்கும். டி, ஈ-ஃபிளாட், டி-ஃபிளாட், கீழ் சி எல்லாவற்றுக்கும் வல3 டி தட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், எஃபிலிருந்து இவற்றில் எதற்குப் போனாலும், வந்தாலும் இதே சிக்கல்.

ஃபோர்க் எஃப்: இட123, வல1, வல3. நடுவிரல் தூக்கியிருக்கும். டியிலிருந்து வல2-ஐத் தூக்கினால் எஃப், சறுக்கலே இல்லை. ஆனால் கீழே ஒரு துளை மூடியிருப்பதால் ஒலி அடைத்து, சுருதி இறங்கும். எஃப் ரெசொனன்ஸ் இல்லாத ஓபோவில் இதற்குத்தான் வல4-ஆல் ஈ-ஃபிளாட் கீயைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். ரெசொனன்ஸ் உள்ள ஓபோவில் வல2 தூக்கியதும் ஒரு சிறு வென்ட் தானாகத் திறக்கிறது. அங்கே பழக்கதோஷத்தில் ஈ-ஃபிளாட்டையும் சேர்த்தால் எஃப் ஏறிவிடும். மாணவர் ஓபோவிலிருந்து நல்ல ஓபோவுக்கு மாறுபவர்களின் எஃப் உயர்ந்தே நிற்பதற்கு ரீடைக் குறைசொல்வதற்கு முன், வல4 எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இடது எஃப்: இட123, வல12, இட4 ஒரு லீவரை அழுத்தும். அந்த லீவர் திறப்பது சாதாரண எஃப் கீயின் அதே பேட். ஒலியும் அதேதான். ஈ-ஃபிளாட்டிலிருந்து எஃப் என்றால் வல3, வல4 தூக்கி இட4 அழுத்தினால் போதும்.

இடது எஃப் இருந்தால் ஃபோர்க் எஃப் எதற்கு என்று கேட்கலாம். டி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், எஃப் என்று வரிசையாக ஏறிப் பார்த்தால் பதில் கிடைக்கும். டி-ஃபிளாட்டில் வல4 சி-ஷார்ப் கீயில் இருக்கிறது. ஆகவே ஈ-ஃபிளாட்டை இடது ஈ-ஃபிளாட் லீவரில், இட4-ஆல் எடுப்பதுதான் சுத்தம். எடுத்துவிட்டால் அதே இட4 அடுத்து எஃப் லீவருக்குத் தாவ வேண்டும். ஒரே விரல், இரண்டு லீவர், இரண்டு சுரத்தையும் தொடுத்து வாசிக்க முடியாது. இங்கே ஃபோர்க் எஃப் ஒன்றுதான் வழி. ஏ-ஃபிளாட், எஃப், டி என்று இறங்கினாலும் அப்படியே: ஏ-ஃபிளாட்டில் இட4 ஜி-ஷார்ப் கீயில் மாட்டிக்கொண்டிருக்கும், டிக்காக வல3 காத்திருக்கும்.

இடது எஃப், எஃப் ரெசொனன்ஸ் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இடது எஃப் உள்ளதை எடுப்பதே புத்திசாலித்தனம். சுரத்தின் நிறம் மாறாமல் பெரும்பாலான இடங்களைக் கடக்கலாம். மிச்சமுள்ள சில இடங்களில் ஈ-ஃபிளாட்டைச் சேர்த்த ஃபோர்க் எஃப் சமாளித்துவிடும்.

இடது எஃப் லீவரின் சரிசெய்தல்

இந்த லீவர் நீளமானது, மெல்லியது, சுண்டுவிரலால் அழுத்தப்படுவது. மூன்றும் சேர்ந்தால் வளைவும் தளர்வும் வரும்.

முதல் சோதனை: லீவரைத் தொடாமல் எஃப் பேட்டின் அடியில் தாள் கீற்று. நாலு பக்கமும் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் லீவரின் தொடுமுனையில் உள்ள கார்க் தடித்துப்போய் எஃப் பேட்டை மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கிறது. ஈயும் டியும் கனமாக வரும், கீழ் சி உடையும், காரணம் தெரியாது. கார்க்கை நுண்ணிய மணல் தாளில் இரண்டு இழுப்பு தேய்த்து, லீவருக்கும் கீக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இடைவெளி விட வேண்டும்.

இடைவெளி கூடிப்போனாலும் கெடுதல்தான். விரல் முதலில் வெறுமனே இறங்கி, பிறகுதான் பேட் திறக்கும். வேகப் பகுதியில் எஃப் தாமதமாக வரும். வலது எஃப் கீயை அழுத்தி பேட்டின் திறப்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து, பிறகு இடது லீவரை அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலும் உயரம் சமமாக இல்லாவிட்டால் இடது எஃப் இறங்கி, மங்கலாக ஒலிக்கும். 0.5 மி.மீ. கார்க் ஒட்டி, தேவையான அளவுக்குத் தேய்ப்பதே மருந்து. லீவரைக் கையால் வளைத்துத் திறப்பைக் கூட்டுவது வேண்டாம்; ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வரும், அல்லது ஒடியும்.

இடது எஃப் இல்லாத மாணவர் ஓபோவில் பிறகு பொருத்திக்கொள்ள முடியுமா? முடியும், ஏனென்றால் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை; இருக்கும் எஃப் பேட்டைத் தூக்க ஒரு லீவரும் அதைத் தாங்கும் போஸ்ட்களும் போதும். ஆனாலும் போஸ்டுக்கு மரத்தில் மரை வெட்ட வேண்டும், லீவரை வெள்ளிப் பற்று வைத்து உருவாக்க வேண்டும். இது பட்டறை வேலை. எஃப் ரெசொனன்ஸ், மூன்றாம் ஆக்டேவ் இரண்டுக்கும் புதுத் துளை வேண்டும். துளை இருக்கும் இடம் கொஞ்சம் தள்ளினாலும் சுருதி மாறும், தவறினால் திரும்ப வழியில்லை. மலிவான ஓபோவில் அந்தச் செலவைப் போடுவதைவிட அந்தக் கீகளோடு வந்த பழைய ஓபோவைத் தேடுவது மேல்.

கீழ் ஸ்தாயி செத்துப்போனால்

முழு அமைப்பு ஓபோவில் ஜி வரைக்கும் நன்றாக வருகிறது. எஃப்-ஷார்ப் கொஞ்சம் மூச்சுவாங்குகிறது. டியிலிருந்து கீழே ஒன்றும் நிற்கவில்லை. இது ஓபோவில் அடிக்கடி வரும் நோய், சந்தேகப்பட வேண்டியவை பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூக்கள். ஒன்று அதிகம் இறுகியிருக்கும், மற்றது அதிகம் தளர்ந்திருக்கும்.

இறுகியது ஜி-ஷார்ப் இணைப்பு. முழு அமைப்பில் ஜி-ஷார்ப் கீயை இட4 அழுத்திக்கொண்டே இருக்கலாம். வல1 மூடியதும் அது பிரிட்ஜ் (மேல், கீழ் ஜாயிண்ட்களின் கீகளை இணைக்கும் தகடு) வழியாக ஜி-ஷார்ப் பேட்டை மூடிவிடும். எஃப்-ஷார்ப்புக்கும் ஜி-ஷார்ப்புக்கும் இடையே டிரில் என்றால் இட4-ஐ விடாமல் வல1-ஐ மட்டும் ஆட்டினால் போதும் என்பது இதன் பலன். ஏ மேஜர், ஈ மேஜர் ஸ்கேல்களிலும் ஜி-ஷார்ப்பை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத ஓபோவில் அப்படிச் செய்தால் எஃப்-ஷார்ப் கெட்டுவிடும், ஒவ்வொரு தடவையும் இட4 எழ வேண்டும்.

ஸ்க்ரூ கூடுதலாக இறுகினால், வல1 முழுக்க இறங்குமுன்பே பிரிட்ஜ் ஜி-ஷார்ப் பேட்டில் முட்டி நின்றுவிடும். வல1-இன் பேட் மயிரிழை திறந்திருக்கும். எஃப்-ஷார்ப்பிலிருந்து கீழே எல்லாமே கசியும். ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று தளர்த்திப் பார்க்க வேண்டும். சீரானால் அதுதான் காரணம்.

அதற்குமேல் தளர்த்துவதும் ஆபத்து. சோதனை இப்படி: எஃப்-ஷார்ப் வாசித்தபடி ஜி-ஷார்ப் கீயை அழுத்தி விட வேண்டும். சுரத்தில் எந்த மாற்றமும் கேட்கக்கூடாது. கேட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். பிறகு கீழ் சி வாசித்து அதே சோதனை. அங்கே கசிவு இன்னும் துல்லியமாகத் தெரியும்.

தளர்ந்தது எஃப் ரெசொனன்ஸ். ஃபோர்க் எஃபுக்காகத் திறக்கும் அந்த வென்ட், வல2 மூடும்போது மூடியாக வேண்டும். மூடுவது வல2-இன் தட்டிலிருந்து வரும் ஒரு கால், அதன் நுனியில் ஸ்க்ரூ. தளர்ந்தால் ஈ கொஞ்சம் சமாளிக்கும், டி நடுங்கும், கீழ் சி, பி, பி-ஃபிளாட் வரவே வராது. கூடுதலாக இறுகினால் வென்ட் முதலில் மூடி, வல2-இன் பேட் திறந்து நிற்கும். விளைவு ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். அதனால் காதை மட்டும் நம்ப முடியாது.

மரக்குச்சி இப்போது. கீழ் டியை மெதுவாக ஊதிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் குச்சியால் ரெசொனன்ஸ் பேட்டை லேசாக அழுத்த வேண்டும். சுரம் திடீரென்று திறந்து வந்தால் வென்ட் கசிகிறது. ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். மாற்றமில்லை என்றால் குச்சியை வல2 தட்டுக்கு மாற்றி அழுத்த வேண்டும். அங்கே திறந்து வந்தால் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். இரண்டும் இல்லை என்றால் ஜி-ஷார்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

பிறகு தாள். வென்ட் பேட்டின் அடியில் ஒரு கீற்று, வல2 பேட்டின் அடியில் ஒரு கீற்று, வல2-ஐ இறகு போலத் தொட்டு மூடி இரண்டையும் ஒன்றாக இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். சரியாகச் சமம் கிடைக்காவிட்டால், வல2 பேட்டில் பிடி ஒரு துளி கூடுதலாக இருக்கும்படி விடுவதுதான் பத்திரம், ஏனென்றால் அந்தத் துளை பெரியது, அங்கே கசிந்தால் இழப்பும் பெரிது.

ஸ்க்ரூ சரியானதும் எஃப்-ஷார்ப், ஃபோர்க் எஃப், ஈ மூன்றையும் ஒரே மூச்சில் இறங்கி, பிறகு டியூனரில் சாதாரண எஃபையும் ஃபோர்க் எஃபையும் ஒப்பிட வேண்டும். நிறத்தில் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சுருதி மட்டும் தெளிவாக இறங்கினால் வென்ட் போதுமான அளவு திறக்கவில்லை: கீயின் அடியில் நிறுத்தக் கார்க் தடித்திருக்கிறது, அல்லது துளையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் தூசிதான்.

பி-ஃபிளாட், சி, தம்ப்பிளேட்

ஓபோவுக்குப் புதியவர்களைக் குழப்பும் விஷயம்: பியில் வல1-ஐச் சேர்த்தால் சுரம் இறங்காமல் ஏறி சி ஆகிறது. ஏயில் வல1-ஐச் சேர்த்தால் பி-ஃபிளாட். வல1 இறங்கும்போது பிரிட்ஜ் விலகி, மேல் ஜாயிண்டில் உள்ள இரண்டு சிறு பேட்களை எழ விடுகிறது. அப்படியானால் கீழ் டியில் வல1 இறங்கியிருக்கும்போது அவை ஏன் கசிவதில்லை? இட2-இன் தட்டு சி பேட்டையும் இட3-இன் தட்டு பி-ஃபிளாட் பேட்டையும் மூடிவைத்திருக்கின்றன.

ஆகவே இங்கே மூன்று சரிசெய்தல்கள், வரிசை முக்கியம். மேல் ஜாயிண்டைத் தனியாக வைத்து முதலில் இட2-க்கும் சி பேட்டுக்கும், அடுத்து இட3-க்கும் பி-ஃபிளாட் பேட்டுக்கும் உள்ள ஸ்க்ரூக்கள். இரண்டிலும் தாள் சோதனை மேலே சொன்ன மாதிரிதான். கடைசியில் ஜாயிண்ட்களைச் சேர்த்த பிறகு பிரிட்ஜ். வல1 மேலே இருக்கும்போது இரண்டு பேட்டும் இறுக மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பியும் ஏயும் ஏறி, நிலையில்லாமல் ஆடும். பிரிட்ஜ் அதிகம் இறுகினால் வல1 முழுதாக எழாது, அதன் பேட்டின் திறப்பு குறைந்து ஜி மங்கும். பிரிட்ஜை முதலில் தொட்டால் மற்ற இரண்டின் பிழையும் அதில் ஏறிக்கொள்ளும்.

பிரிட்டனில் பழக்கத்தில் இருந்த தம்ப்பிளேட் அமைப்பில் இடது பெருவிரலுக்கு ஒரு தட்டு உண்டு. அதை விட்டால் வல1-ஐ அழுத்தியதற்குச் சமம். இட12 பிடித்துப் பெருவிரலை எடுத்தால் பி-ஃபிளாட். இட1 பிடித்து எடுத்தால் சி. ஏ, பி-ஃபிளாட் மாறி மாறி வரும் இடங்களில் வலக்கை சும்மா இருக்கலாம். ஒரு விரல் எழ இன்னொரு விரல் விழும் குறுக்கு மாற்றங்கள் வெகுவாகக் குறையும். இரண்டு வழியும் உள்ள டூயல் அமைப்பு ஓபோக்களையும் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். டூயலில் அந்த இரண்டு சிறு பேட்களையும் இரண்டு இடத்திலிருந்து கட்டுப்படுத்துவதால் ஸ்பிரிங் சமநிலை நுட்பமானது. தம்ப்பிளேட்டை விடும்போது பேட் சோம்பலாக எழுந்தால், ஸ்க்ரூவைத் தொடாமல் முதலில் அந்தப் பேட்களின் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஆக்டேவ்: செமியா, ஃபுல்லா

முதலில் பாதித் துளை. நடு சி-ஷார்ப், டி, ஈ-ஃபிளாட் மூன்றுக்கும் ஆக்டேவ் கீ கிடையாது. இட1 தட்டில் உருண்டு, அதன் நடுவிலுள்ள ஊசித் துளையைத் திறந்துவிடும். நாகஸ்வரத்தில் கீயே இல்லாமல் ஏழு துளையிலும் விரலைப் பாதி விலக்கியும் மூச்சாலும் செய்வதை இங்கே ஒரே ஒரு விரல் மட்டும் செய்கிறது. அந்த ஊசித் துளை அடைத்துக்கொண்டால் நடு டி கீழே விழும். மெல்லிய நைலான் இழை போதும், உலோக ஊசி துளையை அகலமாக்கிவிடும்.

அதற்குமேல் ஈ முதல் ஜி-ஷார்ப் வரை முதல் ஆக்டேவ், ஏ முதல் சி வரை இரண்டாம் ஆக்டேவ். செமி-ஆட்டோமேட்டிக்கில் முதலாவதைப் பெருவிரல் அழுத்தும். இரண்டாவது பக்கவாட்டுக் கீயை இட1-இன் பக்கம் அழுத்தும். பக்கக் கீயை அழுத்தினால் முதல் வென்ட் தானாக மூடும், ஆகவே பெருவிரலை எடுக்க வேண்டியதில்லை. பெருவிரலைப் பிடித்தபடியே ஜியும் ஏயும் மாறி மாறி வாசிக்கலாம். சோதனையும் அதுதான்: பெருவிரலை அழுத்தியபடி பக்கக் கீயை அழுத்தினால் முதல் வென்ட் பேட்டின் அடியில் தாள் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் உயர் ஏ விரிசலோடு வரும்.

ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் பெருவிரல் ஒன்றே போதும். எந்த வென்ட் திறப்பது என்பதை இட3 தீர்மானிக்கிறது: கீழே இருந்தால் முதலாவது, எழுந்தால் இரண்டாவது. ஜி-ஷார்ப், ஏ எல்லையைக் கடக்கும் வேகமான பகுதிகளுக்கு இது சுகம். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், இதை விரும்புவோர் உண்டு. பிரான்சிலும் அமெரிக்காவிலும் செமிதான் வழக்கம்.

ஃபுல்லில் கைவிட்டுப்போவது ஹார்மோனிக் (கீழ்ச் சுரத்தின் விரலிலேயே எழுப்பும் மேல் சுரம்) விரலமைப்புகள். கீழ் பி-ஃபிளாட் விரலில் ஆக்டேவைச் சேர்த்தால் அதன் மூன்றாவது ஹார்மோனிக்காக மேல் எஃப் கிடைக்கும். பியில் எஃப்-ஷார்ப், சியில் ஜி, சி-ஷார்ப்பில் ஜி-ஷார்ப். இவற்றுக்கு முதல் ஆக்டேவ் போதும். அடுத்து டியில் ஏ, ஈ-ஃபிளாட்டில் பி-ஃபிளாட், ஈயில் பி, எஃபில் சி. இந்த நாலுக்கும் இரண்டாம் வென்ட் வேண்டும். ஆனால் விரலோ டி, ஈ விரல். இட3 கீழே இருக்கிறது. ஃபுல் ஆட்டோமேட்டிக் முதல் வென்ட்டைத்தான் திறக்கும். மெல்லிய பியானிசிமோ முடிவுகளுக்கு ஹார்மோனிக்கை நம்புபவர்களும், நவீன இசை வாசிப்பவர்களும் செமியை விடாததற்கு இதுவே காரணம். பட்டறைக் கோணத்திலும் செமி எளிது: ஃபுல்லில் இட3-ஓடு ஆக்டேவ் பின்னப்பட்டிருப்பதால், ஜி தட்டில் கார்க் ஒன்று விழுந்தாலே ஆக்டேவ் முழுக்கக் குழம்பும். ஒன்றை மற்றதாக மாற்றும் யோசனை வேண்டாம்; மேல் ஜாயிண்டின் கீகளை ஏறக்குறைய புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாம் ஆக்டேவ் பெருவிரல் கீக்கு மேலே ஒரு சின்ன லீவர். உயர் ஈ, எஃப், அதற்குமேலே உள்ளவற்றுக்கு மட்டும். அது இல்லாமலும் இந்தச் சுரங்கள் வரும், ஆனால் ரீடும் உதடும் தயவு வைக்க வேண்டும். இருக்கும் ஓபோவில் பெருவிரல் சாதாரணமாக உருளும்போது இந்த லீவரைத் தட்டாதபடி அதன் உயரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வென்ட் துளை மிகச் சிறியது, தண்ணீர் முதலில் தேங்கும் இடங்களில் ஒன்று. கீயைத் திறந்து, துளையில் சட்டென்று ஊதி, சிகரெட் தாளால் பேட்டை ஒற்றி எடுத்தால் போதும்.

மற்றவை

ஈ-ஃபிளாட்டிலிருந்து ஈக்கு டிரில்: இணைப்பு உள்ள ஓபோவில் வல4 ஈ-ஃபிளாட்டை விடாமல் வல3-ஐ மட்டும் ஆட்டலாம், வல3 எழுந்ததும் ஈ-ஃபிளாட் பேட் மூடிக்கொள்ளும். இணைப்பு இல்லாவிட்டால் ஈ ஏறிக் கேட்கும். பெல்லில் (அடியில் விரியும் வாய்ப்பகுதி) உள்ள கீழ் பி-ஃபிளாட் ரெசொனன்ஸ் விரலமைப்பு எதையும் மாற்றாது. அடிச் சுரங்களின் நிறத்துக்கும் சுருதிக்குமானது. பெல்லைச் செருகும்போது அதன் பிரிட்ஜ் நேராக இருக்கிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. சில மாணவர் ஓபோக்களில் கீழ் பி-ஃபிளாட் கீயே இருக்காது, வாங்கும்போது பெல்லில் பேட் உண்டா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மேல், கீழ் ஜாயிண்ட்களைச் சேர்க்கும்போது பிரிட்ஜ்கள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மேலே செய்த வேலை எல்லாம் வீண். டெனான் (ஜாயிண்டின் செருகும் முனை) கார்க்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கீகளின்மேல் அழுத்தம் விழாமல் பிடித்து, சின்னச் சின்னச் சுழற்சியாகத் தள்ள வேண்டும். முழுச் சுற்றாகத் திருகினால் பிரிட்ஜின் தகடு வளையும்.

கிரனடில்லா மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஏசி அறையில் காய்ந்திருந்த ஓபோவைச் சரிசெய்து அனுப்பினால், நன்றாக வாசித்து மரம் ஈரம் ஏறிய பிறகு ஜி-ஷார்ப், எஃப் ரெசொனன்ஸ் ஸ்க்ரூக்கள் இரண்டும் மறுபடி கொஞ்சம் விலகலாம். அதனால் நகப்பூச்சை அன்றே வைக்காமல், சில நாள் வாசித்து, கீழ் சியில் ஜி-ஷார்ப் சோதனையையும் டியில் குச்சிச் சோதனையையும் திரும்பச் செய்து, அசையாதவற்றுக்கு மட்டும் ஒரு துளி வைப்பது முறை. முழு அமைப்பு ஓபோவில் ஜி-ஷார்ப் அப்படியே நின்றது. ரெசொனன்ஸ் ஸ்க்ரூ இன்னும் ஒரு மயிரிழை இறுக்கம் கேட்டது.